லிங்க் போடுறதுக்கு முன்னாடி மொய் வைங்க! சொந்த ஆப்பை ஸ்பேம் பண்ணாம ஆன்லைன் குரூப்ல கொண்டுபோறது எப்படி?



காரைக்கால் மாவட்டம் நெடுங்காட்டிலிருந்து ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். சென்னையில ஒரு கம்பெனியில வேலை. கைக்கு வர்ற சம்பளம் மாசம் ₹31,000. ஊர்ல அவரோட சித்தப்பா நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுறார். எந்த வயல்ல எத்தனை மணி நேரம் ஓடுச்சு, டீசல் எவ்வளவு போட்டாங்க, யார் எவ்வளவு பாக்கி, எல்லாமே ஒரு பாக்கெட் நோட்டுல. அந்த நோட்டு ரெண்டு தடவை தொலைஞ்சு போச்சு. அதைப் பார்த்துட்டு தம்பி ஏழு மாசம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒரு மொபைல் ஆப் பண்ணிட்டார். சேமிப்பிலிருந்து ₹62,000 செலவு.

ஆப் ரெடி. அடுத்தது? ஒரே ஞாயித்துக்கிழமையில 23 வாட்ஸ்அப் குரூப், 9 ஃபேஸ்புக் குரூப், மொத்தம் 32 இடத்துல லிங்க்கைப் போட்டிருக்கார். சாயங்காலத்துக்குள்ள 11 குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க. 40 பேர் டவுன்லோட் பண்ணாங்க. அதுல இப்ப 6 பேர்தான் யூஸ் பண்றாங்க. பணம் கட்டினவங்க யாரும் இல்லை. போதாக்குறைக்கு ரெண்டு ஒன்-ஸ்டார் ரிவியூ.

அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணா, ஒருத்தர் ₹18,000 கொடுத்தா ஒரு லட்சம் பேருக்கு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பித் தரேன்னு சொல்றார். கிரெடிட் கார்டுல இஎம்ஐ போட்டுக் கட்டிடலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். வேண்டாம் தம்பி. ஏன் வேண்டாம், அதுக்குப் பதிலா என்ன பண்ணலாம்னு இந்தப் பாடத்துல பார்ப்போம். உங்களோடது ஆப்பா இல்லாம எக்செல் டெம்ப்ளேட்டா இருக்கலாம், ஆன்லைன் கோர்ஸா இருக்கலாம். வழி ஒண்ணுதான்.

முதல்ல காசுக் கணக்கு

₹18,000-ஐ கார்டுல 12 மாச இஎம்ஐயா மாத்துறோம்னு வைங்க. வருஷத்துக்கு 15% வட்டின்னா மாசம் சுமார் ₹1,625. மொத்தம் கட்டுறது சுமார் ₹19,500. வட்டி மேல 18% ஜிஎஸ்டி தனி. பிராசஸிங் கட்டணமும் இருக்கலாம். அதையெல்லாம் இப்போதைக்கு விட்டுடுவோம்.

தம்பி ஆப்புக்கு வச்சிருக்கிற விலை ஒரு போகத்துக்கு ₹499. பிளே ஸ்டோர் வழியா வசூல் பண்ணா 15% கமிஷன் போய் கையில நிக்கிறது சுமார் ₹424. அப்படின்னா போட்ட காசை எடுக்கவே 46 பேர் பணம் கட்டணும். இதுவரைக்கும், அதுவும் ஓரளவு தெரிஞ்ச ஊர் குரூப்கள்லயே, பணம் கட்டினது பூஜ்யம் பேர். முகம் தெரியாத ஒரு லட்சம் நம்பர்ல இருந்து 46 பேர் வருவாங்கன்னு நம்பி கடன் வாங்குறது முதலீடு இல்லை. லாட்டரி.

இன்னொரு கணக்கும் பாருங்க. ₹18,000-க்கு ஒரு லட்சம் மெசேஜ்னா ஒண்ணுக்கு 18 காசு. அதைப் படிச்சு, எரிச்சலாகி, டெலிட் பண்ண ஒருத்தருக்கு 5 வினாடி ஆகுதுன்னு வைங்க. ஒரு லட்சம் பேருக்கு 5 லட்சம் வினாடி. கிட்டத்தட்ட 139 மணி நேரம். நீங்க 18 காசு கொடுக்கிறீங்க, மீதிச் செலவை ஊரார் தலையில கட்டுறீங்க. ஸ்பேம்னா என்னன்னு கேட்டா என் விளக்கம் இதுதான். விளம்பரத்தோட செலவை, கேட்காதவன்கிட்ட வசூல் பண்றது.

இந்த வியாதி புதுசு இல்லை

1978 மே மாசம். இப்ப இருக்கிற இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் காலம். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன்ங்கிற கம்ப்யூட்டர் கம்பெனியில மார்க்கெட்டிங் பார்த்த கேரி துர்க், புது மாடல் கம்ப்யூட்டரோட அறிமுக நிகழ்ச்சிக்கு வரச்சொல்லி சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிட்டார். யாரும் கேட்காத அந்த மெயிலைத்தான் உலகத்தோட முதல் ஸ்பேம்னு சொல்றாங்க. "ஸ்பேம்"ங்கிற பேர் அதுக்கு வந்தது ரொம்பப் பின்னாடி.

1994 ஏப்ரல்ல அமெரிக்காவின் அரிசோனாவுல கேன்டர், சீகல்னு ஒரு வக்கீல் தம்பதி. கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பிக்க உதவுறோம்னு விளம்பரம் எழுதி, யூஸ்நெட்ல இருந்த 5,000-க்கும் மேற்பட்ட விவாதக் குழுக்கள்ல ஒரே ராத்திரியில போட்டாங்க. சமையல் பேசுற குழு, பூனை வளர்க்கிற குழுன்னு எதையும் விடலை. கோபத்துல வந்து குவிஞ்ச மெயில்கள் தாங்காம அவங்களுக்கு இன்டர்நெட் கொடுத்த கம்பெனியோட சர்வரே படுத்துடுச்சு. அவங்க கணக்கையும் மூடிட்டாங்க. நல்லா சம்பாதிச்சோம்னு அவங்க சொல்லிக்கிட்டாங்கதான். ஆனா 1997-ல் டென்னசி மாநிலத்துல கேன்டரோட வக்கீல் உரிமம் பறிபோச்சு. சொல்லப்பட்ட காரணங்கள்ல இந்த விளம்பரமும் ஒண்ணு.

நம்ம தம்பி 32 குரூப்ல பண்ணதும் சின்ன அளவுல இதேதான். அவர்கிட்ட கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "நல்ல பொருள்தானே, சொன்னா என்ன தப்பு"ன்னு நினைச்சார். பொருள் நல்லதா கெட்டதாங்கிறது இங்க ரெண்டாவது கேள்வி. சொல்ற ஆள் யாருன்னு குரூப்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்கிறதுதான் முதல் பிரச்சினை.

மொய் நோட்டு சொல்ற பாடம்

இதை நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியவைக்க பெரிய மார்க்கெட்டிங் புத்தகம் வேண்டாம். மொய் நோட்டு போதும்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணி மாசத்துல மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவாங்க. லட்சக்கணக்குல வசூல் ஆகும். எப்படி? விருந்து வைக்கிறவர் அதுக்கு முன்னாடி பல வருஷமா ஊர்ல எல்லார் விருந்துக்கும் போய் தன் பேரைச் சொல்லி மொய் எழுதியிருப்பார். அதெல்லாம் நோட்டுல இருக்கும். ஒரு விசேஷத்துக்கும் போகாத ஆள் திடீர்னு பந்தல் போட்டு உட்கார்ந்தா இலை மட்டும்தான் காத்தாடும்.

ஆன்லைன் குரூப்பும் அப்படித்தான். கவனிச்சுப் பாருங்க:

1. முதல்ல போடணும், அப்புறம்தான் வாங்கணும். உங்க லிங்க் ஒரு வசூல். அதுக்கு முன்னாடி அந்தக் குரூப்ல யாருக்காவது உதவியா எதையாவது சொல்லியிருக்கீங்களா?

2. சொந்தப் பேர்ல எழுதணும். பேர் சொல்லாம வச்ச மொய் கணக்குல வராது. போலி ஐடியில பண்ண உதவியும் அப்படித்தான்.

3. அடிக்கடி விருந்து வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் வருஷா வருஷம் மொய் விருந்து வைக்கிறதில்லை. பல வருஷத்துக்கு ஒரு தடவைதான். வாரா வாரம் லிங்க் போடுறவரை யாரும் மதிக்க மாட்டாங்க.

ஒரே ஒரு வித்தியாசம். மொய் திரும்பி வரணும், அது ஒரு வகைக் கடன். குரூப்ல நீங்க பண்ற உதவி திரும்பி வராமலும் போகலாம். "நான் பத்துப் பேருக்குப் பதில் சொன்னேன், நீங்க என் ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க"ன்னு கணக்குக் காட்டினா இருக்கிற மரியாதையும் போயிடும்.

திருச்சிக்காரர் ஒருத்தரோட கதை

"இதெல்லாம் கேக்க நல்லா இருக்கு, நடைமுறைக்கு ஒத்துவருமா?"ன்னு கேட்பீங்க. கிரீஷ் மாத்ருபூதம் கதையைப் பாருங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ் கம்பெனியை ஆரம்பிச்சவர். திருச்சிக்காரர்.

அமெரிக்காவின் ஆஸ்டின்ல இருந்து சென்னைக்குத் திரும்பினப்போ அவர் சாமான்கள் கப்பல்ல வந்தது. டிவி உடைஞ்சு வந்தது. இன்சூரன்ஸ் பணத்துக்காக மாசக்கணக்குல மெயில், போன்னு அலைஞ்சார். ஒண்ணும் நடக்கலை. கடைசியில, வெளிநாட்டுல இருந்து இந்தியா திரும்புறவங்க கூடுற ஒரு ஆன்லைன் குழுவுல நடந்ததை எழுதினார். அந்தக் கம்பெனியோட தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்துடுச்சு. கஸ்டமரோட புகார் இனிமே ரெண்டு பேருக்குள்ள முடியுற விஷயம் இல்லை, ஒரு கூட்டத்துக்கு முன்னாடி நடக்கிற விஷயம்னு அங்கதான் அவருக்குப் பொறி தட்டினது.

அப்போ அவர் ஜோஹோவுல பெரிய பொறுப்புல இருந்தார். 2010-ல் ஹேக்கர் நியூஸ்ங்கிற தொழில்நுட்பக் களத்துல ஒரு செய்தி படிச்சார். ஜென்டெஸ்க்ங்கிற கஸ்டமர் சப்போர்ட் சாஃப்ட்வேர் விலையைக் கூட்டிடுச்சு, வாடிக்கையாளர்கள் கடுப்புல இருக்காங்க. அதுக்குக் கீழ ஒருத்தர், நியாயமான விலையில இதைக் கொடுக்கிறவருக்கு இங்க பெரிய வாய்ப்பு இருக்குன்னு எழுதியிருந்தார். அந்த ஒரு வரி கிரீஷைத் தூங்கவிடலை. கூட வேலை பார்த்த ஷான் கிருஷ்ணசாமியோட சேர்ந்து 2010 அக்டோபர்ல சென்னையில ஃப்ரெஷ்டெஸ்க் ஆரம்பிச்சார். 2011 ஜூன்ல பொருள் வெளியே வந்தது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவுல ஒரு கல்லூரி.

நமக்கு முக்கியமானது இனிமேதான். இந்தக் கதை முழுசையும், டிவி உடைஞ்சதுல இருந்து வேலையை விட்டது வரைக்கும், அவர் எழுதினார். எந்த ஹேக்கர் நியூஸ்ல யோசனை கிடைச்சதோ அந்த ஹேக்கர் நியூஸ்லயே அதைப் போட்டார். "உங்கள்ல ஒருத்தர் சொன்ன வார்த்தையாலதான் நான் இதை ஆரம்பிச்சேன்"ங்கிறதுதான் அதோட சாரம். அங்கே இருந்தவங்களுக்கு அது விளம்பரமா தெரியலை. தங்களைப் பத்தின கதையா தெரிஞ்சது. நிறைய பேர் வந்து படிச்சாங்க.

அதே 2011 டிசம்பர்ல இன்னொரு சம்பவம். ஃப்ரெஷ்டெஸ்க் வெறும் காப்பின்னு ட்விட்டர்ல ஒரு விமர்சகர் எழுத, ஜென்டெஸ்க் தலைவரும் சேர்ந்துக்கிட்டார். கிரீஷ் பதிலுக்குத் திட்டலை. போலிக் கணக்குகளை விட்டுத் தாக்கவும் இல்லை. இது காப்பியா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னு, நடந்ததையும் தன் தரப்பையும் எடுத்துவச்சு ஒரு தனி வெப்சைட்டே போட்டார். சண்டைக்கு வந்த கூட்டம் அவர் பொருளையும் பார்த்துட்டுப் போச்சு.

2021 செப்டம்பர் 22 அன்னைக்கு அந்தக் கம்பெனி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில பட்டியல் ஆச்சு. ஒரு போஸ்ட்டால கம்பெனி அவ்வளவு தூரம் வளர்ந்துடலை. பொருள், ஆட்கள், முதலீடு, பத்து வருஷ உழைப்பு எல்லாம் இருக்கு. நாம எடுத்துக்க வேண்டியது அவர் பண்ண வரிசையைத்தான். முதல்ல கூட்டம் பேசுறதைக் காது கொடுத்துக் கேட்டார். அவங்க சொன்ன குறைக்குப் பொருள் பண்ணார். அப்புறம்தான் அதே கூட்டத்துக்கிட்ட சொந்தப் பேர்ல, உண்மையைச் சொல்லிப் போனார். நம்ம தம்பி மூணாவது படியில இருந்து ஆரம்பிச்சுட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நெடுங்காட்டுத் தம்பிக்கு 8 வாரத் திட்டம்

வாரத்துக்கு 5 மணி நேரம் ஒதுக்குங்க. 8 வாரத்துக்கு 40 மணி நேரம். உங்க சம்பளப்படி (மாசம் 26 நாள், தினம் 8 மணி நேரம்) ஒரு மணி நேரத்தோட மதிப்பு சுமார் ₹149. ஆக இந்தத் திட்டத்தோட செலவு சுமார் ₹6,000. நேரம் இலவசம் இல்லைங்கிறதை மறக்காதீங்க. ஆனா இதுல கடன் இல்லை, வட்டி இல்லை.

வாரம் 1: 32 குரூப்பை 3 ஆக்குங்க

குரூப்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்க்காதீங்க. உங்க ஆப் தீர்க்கிற பிரச்சினை இருக்கிறவங்க எத்தனை பேர்னு பாருங்க. "காரைக்கால் வேலைவாய்ப்பு" குரூப்ல 1,000 பேர் இருந்தாலும் மெஷின் வச்சிருக்கிறவர் ஒருத்தர் இருப்பாரா தெரியாது. மெஷின் ஓனர்கள், புரோக்கர்கள் இருக்கிற 60 பேர் குரூப் அதைவிட மேல். ஒண்ணு மெஷின்காரங்க குரூப், ஒண்ணு டெல்டா விவசாயிகள் குரூப், ஒண்ணு உங்களை மாதிரி ஆப் பண்றவங்க இருக்கிற குரூப். போதும். தூக்கின 11 குரூப் அட்மினுக்கும் ஒரு வரி மன்னிப்பு அனுப்பிடுங்க. திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீங்க.

வாரம் 2, 3: வாயை மூடிட்டுப் படிங்க

ரூல்ஸ் என்ன, விளம்பரத்துக்குத் தனி நாள் இருக்கா, எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அவங்க வார்த்தையைக் கவனிங்க. உங்க ஆப்புல "இன்வாய்ஸ்"னு இருக்கு. மெஷின்காரங்க பேசுறது "மணிக்கணக்கு", "பாக்கி", "பெல்ட் வண்டி", "டயர் வண்டி". ஆப்புல அந்தச் சொல்லை மாத்துறதே பாதி மார்க்கெட்டிங்.

வாரம் 4, 5: லிங்க் இல்லாம உதவுங்க

உங்களுக்கு நிஜமாவே தெரிஞ்ச விஷயத்துல மட்டும் பதில் சொல்லுங்க. உதாரணத்துக்கு, டெல்டா குரூப்ல தமிழ்நாடு அரசோட திட்டச் செய்தி வரும். காரைக்கால் விவசாயியும் அதைப் பார்த்துட்டு நமக்கும் உண்டோன்னு அலைவார். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், நாலு பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டமும் கடலும் இருந்தாலும் திட்டம் வேற, அலுவலகம் வேற. "இது தமிழ்நாட்டுக்கு மட்டும், நம்ம பக்கம் புதுச்சேரி வேளாண் துறையில கேளுங்க"ன்னு ஒரு வரி சொன்னாலே ஒருத்தரோட ஒரு நாள் அலைச்சல் மிச்சம். ஒரு பக்க மணிக்கணக்குத் தாள் தயார் பண்ணி, பிரிண்ட் எடுத்துக்கிற மாதிரி சும்மா கொடுங்க. அதுல உங்க ஆப் பேர்கூட வேண்டாம்.

ரெட்டிட்ல நெடுநாளா ஒரு வழக்கம் சொல்வாங்க. நீங்க போடுற பத்துல ஒண்ணுக்கு மேல உங்க சொந்தப் பொருளைப் பத்தி இருக்கக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்புக்கும் அந்த அளவு சரியா இருக்கும்.

வாரம் 6: அட்மின்கிட்ட கேளுங்க

"அண்ணே, மெஷின் வாடகைக் கணக்குக்கு நானே ஒரு ஆப் பண்ணியிருக்கேன். குரூப்ல ஒரே ஒரு தடவை சொல்லிக்கலாமா? வேண்டாம்னா பரவாயில்லை." இவ்வளவுதான். வேண்டாம்னு சொன்னா விட்டுடணும். அட்மின்னா வீட்டுக்காரர் மாதிரி. வீட்டுக்காரர்கிட்ட கேட்காம யாரும் கொல்லையில கடை போடுறதில்லை.

வாரம் 7: ஒரே ஒரு போஸ்ட்

தம்பி முதல்ல போட்டது இது: "விவசாயத்தில் ஒரு புரட்சி! இந்தியாவின் நம்பர் 1 அறுவடை ஆப்! உடனே டவுன்லோட் செய்து 10 பேருக்கு ஷேர் பண்ணுங்க!"

40 டவுன்லோட் இருக்கிற ஆப் நம்பர் 1-ஆ? முதல் வரியிலேயே பொய். இதுக்குப் பதிலா நான் எழுதிக் கொடுத்தது இது:

"வணக்கம். எனக்கு நெடுங்காடு. என் சித்தப்பா அறுவடை மெஷின் வச்சிருக்கார். மணிக்கணக்கு நோட்டு ரெண்டு தடவை தொலைஞ்சதால அவருக்காக ஒரு ஆப் பண்ணேன். வயல் வாரியா எத்தனை மணி நேரம் ஓடுச்சு, டீசல் எவ்வளவு, யார் பாக்கின்னு பதியலாம். வயல்ல சிக்னல் இல்லைன்னாலும் வேலை செய்யும். ஒரு குறை இருக்கு: ரெண்டு மெஷின் வச்சிருந்தா கணக்கைத் தனித்தனியா பிரிக்க முடியாது, அதைச் சரிபண்ணிட்டு இருக்கேன். முதல் போகம் சும்மா, அப்புறம் போகத்துக்கு ₹499. இது என் சொந்த ஆப், விற்கிற எண்ணத்தோடதான் சொல்றேன். அட்மின்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுறேன். மெஷின் வச்சிருக்கிற அஞ்சு பேர் ஓட்டிப் பார்த்துக் குறை சொன்னா போதும். வேணும்கிறவங்களுக்கு மட்டும் லிங்க் அனுப்புறேன்."

இதுல என்ன இருக்குன்னு பாருங்க. யார் சொல்றது, ஏன் பண்ணார், என்ன பண்ணும், என்ன பண்ணாது, விலை என்ன, சொல்றவருக்கு என்ன லாபம். ஏழாவதா, கேட்கிறது சின்ன உதவி. குறையை நீங்களே சொன்னா விற்காதுன்னு பயப்படாதீங்க. குறை சொல்றவரோட நிறையைத்தான் ஜனங்க நம்புவாங்க.

நேரமும் முக்கியம். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர்ல நடக்கும். சம்பா, தாளடி ஜனவரி, பிப்ரவரி. அறுவடை நடக்கிறப்போ மெஷின்காரருக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. மூணு நாலு வாரம் முன்னாடி போனாத்தான் காது கொடுப்பார்.

வாரம் 8: கேள்விக்குப் பதில், குறைக்குத் திருத்தம்

வர்ற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே நாள்ல பதில் போடுங்க. திட்டினாலும் மரியாதையா பதில் சொல்லுங்க. யாராவது சொன்ன குறையைச் சரிபண்ணிட்டா, அதைச் சொன்னவர் பேரோட நன்றி சொல்லித் தெரிவிங்க. லீவுக்கு ஊருக்குப் போறப்போ அஞ்சு மெஷின்காரரை நேர்ல பார்த்து அவங்க போன்லயே ஓட்டிக் காட்டுங்க. முடிஞ்சா காரைக்கால்ல இருக்கிற பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண் கல்லூரியில படிக்கிற பசங்ககிட்டயும் காட்டுங்க. நேர்ல ஒருத்தர் எங்க தடுமாறுறார்னு பார்க்கிறதுல கிடைக்கிற பாடம் ஆன்லைன்ல கிடைக்காது.

இதை மட்டும் பண்ணவே பண்ணாதீங்க

- நண்பர்களை விட்டு ஃபைவ் ஸ்டார் போடச் சொல்லாதீங்க. செட்டப் ரிவியூவுக்கு பிளே ஸ்டோர்ல தடை இருக்கு. பிடிபட்டா ஆப்பே போகலாம். ஆன்லைன் ரிவியூவுக்குன்னே 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000 என்கிற தரவிதியையும் கொண்டுவந்திருக்கு.

- "நான் இந்த ஆப் யூஸ் பண்றேன், சூப்பர்"னு வேற ஐடியில வந்து எழுதாதீங்க. பொருளோட உங்களுக்கு இருக்கிற தொடர்பை மறைச்சுப் பரிந்துரைக்கக் கூடாதுன்னு மத்திய அரசோட 2022 விளம்பர வழிகாட்டுதல்கள் சொல்லுது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறா வழிநடத்துற விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கோ பரிந்துரைக்கிறவருக்கோ ₹10 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம். திரும்பப் பண்ணா ₹50 லட்சம் வரைக்கும்.

- குரூப்ல இருக்கிற நம்பரையெல்லாம் எடுத்து புது குரூப்ல சேர்க்காதீங்க, தனியா மெசேஜும் அனுப்பாதீங்க. ஒருத்தரோட நம்பர் அவரோட தனிப்பட்ட தகவல். அனுமதி வாங்கித்தான் தொடணும்ங்கிறதுதான் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட அடிப்படை.

- ஒரு லட்சம் நம்பர் விற்கிறவர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "இந்த ஒரு லட்சம் பேரும் சம்மதம் கொடுத்ததுக்கு ஆதாரம் இருக்கா?" பதில் வராது. மொத்தமா மெசேஜ் தட்டுற நம்பரை வாட்ஸ்அப் முடக்கும். அது உங்க நம்பரா இருந்தா இருக்கிற 6 பேர்கிட்டயும் பேச வழி இருக்காது.

சம்பளக்காரங்களுக்கு மட்டும் நாலு வார்த்தை

ஒண்ணு, ஆஃபர் லெட்டரை எடுத்து மறுபடியும் படிங்க. வெளியே வேலை பண்ணலாமா, நீங்க எழுதுற சாஃப்ட்வேர் யாருக்குச் சொந்தம்னு அதுல இருக்கும். ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் நேரம், ஆபீஸ் குரூப் மூணையும் இதுக்குத் தொடாதீங்க. கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட ஆப் விற்கிறது ஸ்பேம்லயே மோசமான ஸ்பேம். அவங்களால உங்களை பிளாக் கூடப் பண்ண முடியாது!

ரெண்டு, ஆப் வருமானம் உங்க சம்பளத்தோட சேர்ற தொழில் வருமானம். வழக்கமா போடுற ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 அல்லது 4 வரும். ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

மூணு, மாச வரம்பு வைங்க. கையில 6 மாசச் செலவுக்கு அவசர நிதி இல்லைன்னா முதல்ல அது. அப்புறம் சம்பளத்துல 5%-க்கு மேல இந்த மாதிரி முயற்சிக்குப் போகக் கூடாது. ₹31,000-க்கு அது ₹1,550. கவனிச்சீங்களா, அந்த இஎம்ஐ ₹1,625. உங்க மொத்த வரம்பையும் தாண்டி ஒரு வருஷத்துக்கு ஒரே ஒரு மெசேஜுக்காகப் போயிருக்கும்.

நாலு, எப்போ நிறுத்தணும்னு இப்பவே எழுதி வைங்க. "ரெண்டு போகம் பார்ப்பேன். அதுக்குள்ள பணம் கட்டுறவங்க 25 பேர் வரலைன்னா, ஆப்பைச் சித்தப்பாவுக்கு மட்டும் வச்சுக்கிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்." ₹62,000 போட்டாச்சேன்னு மேல மேல போடாதீங்க. போனது போனதுதான். இனிமே போடப்போற ரூபாய்க்குத்தான் கணக்கு.

கடைசியா

தம்பி பதில் மெயில் போட்டிருக்கார். அந்த ₹18,000-ஐ கட்டலை. "இன்வாய்ஸ்"ங்கிற பட்டனை "மணிக்கணக்கு"ன்னு மாத்திட்டாராம். மூணு குரூப்ல சும்மா படிச்சுக்கிட்டு இருக்கார். இதுவரைக்கும் புதுசா ஒரு டவுன்லோடும் வரலை. ஆனா அவரை ஒன்-ஸ்டார் போட்டுத் திட்டின ஒருத்தருக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கார். அந்த மனுஷன் அரை மணி நேரம் பேசி, ஆப்புல என்ன கோளாறுன்னு ஒவ்வொண்ணா சொல்லியிருக்கார். ஒரு லட்சம் மெசேஜ்ல கிடைக்காத ஆள் அவர்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்க இருக்கிற குரூப்கள்ல ஒண்ணை எடுத்து, கடைசியா நீங்க போட்ட பத்து மெசேஜைப் பாருங்க. எத்தனை மொய், எத்தனை வசூல்? எண்ணிட்டு கமெண்ட்ல சொல்லுங்க. இஎம்ஐ கணக்கையும் அட்மினுக்கு அனுப்புற மெசேஜையும் வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன், பார்த்துடுங்க. அடுத்த பாடத்துல சந்திப்போம்.